சொறியும் மாப்பும்

சென்ற மாதம் கல்முனையில் முன்பள்ளி ஆசிரியைகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுவதில் ஒரு வசதி உண்டு. முன்வரிசைக் கதிரை வெறுமையாகக் கிடக்காது. படம் எடுத்தால் நடுவில் ஒரு மூத்த முகம் தெரியும். நானும் நல்ல அபாயாவைப் போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் அமர்ந்தேன்.

சண்டை பிடித்த பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவது எப்படி என்பதுதான் அன்றைய பாடம். வகுப்பு நடத்திய இளம்பெண் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் நிறத்தில் சிரிக்கும் முகம். கீழே 'சொறி' என்று எழுதியிருந்தது. அடித்த பிள்ளை, சுவரில் தொங்கும் பையிலிருந்து அட்டையை எடுத்து அடி வாங்கிய பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். அதைப் படம் பிடித்து இரண்டு உம்மாமாருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான், சமாதானம்.

"அட்டையக் குடுத்த புள்ள மறுகா அடிச்சா?" என்று கேட்டேன்.

"பையில இன்னும் அட்டை இரிக்கி டீச்சர்," என்றார் அவர் பணிவாக.

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரே அறையில் அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு பகல் வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டியவருக்கு ஓர் அட்டையாவது வேண்டும்தான்.

தேநீர் வேளையில் ஒரு சின்ன டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். தன் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை என்ன செய்தாலும் அந்த அட்டையைத் தொடமாட்டேன் என்கிறாளாம். "சரியான அடங்காப்பிடாரி டீச்சர். எப்பிடித்தான் சொறி சொல்ல வெக்கிற?" என்று கேட்டார். நான் அவருக்கு என்னிடம் முன்பு படித்த மின்ஹாவின் கதையைச் சொன்னேன். இடைவேளை முடிந்து மணி அடித்தும் நாங்கள் உள்ளே போகவில்லை. கடைசியில் அவர், "இத எழுதுங்க டீச்சர்," என்றார். ஓய்வு பெற்றவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிய கதையல்ல. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். ஊர்ப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய பாலர் பாடசாலைக்கு ஆள் தேடினார்கள். பாட்டுப் பாடத் தெரியுமா என்று கேட்டார்கள், ஓம் என்றேன். பாடிக் காட்டச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இன்று வேறு ஏதாவது வேலையில் ஓய்வு பெற்றிருப்பேன். பிறகு சனி ஞாயிறுகளில் டிப்ளோமா படித்தேன். கலர்த்தாள் வெட்டினேன், களிமண் பிசைந்தேன், வெள்ளைக்கார அறிஞர்களின் பெயர்களை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்தேன். பிள்ளைகளைப் பற்றி நான் அறிந்ததை எனக்குப் படிப்பித்தவர்கள் பிள்ளைகளும், சகுந்தலா மிஸ்ஸும்.

சகுந்தலா மிஸ் எங்கள் முன்பள்ளிகளின் மேற்பார்வையாளர். பாண்டிருப்புக்காரர், எங்களுக்குப் பக்கத்துத் தமிழ் ஊர். கருப்புக் குடையும் தோல்பையுமாக பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வருவார். மேற்பார்வையாளர் என்றால் கதிரை போட்டுக் குளிர்பானம் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய வழக்கம். நாங்களும் போட்டு வைப்போம். அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பையை யன்னலில் வைத்துவிட்டு, நேரே போய்ப் பிள்ளைகளோடு பாயில் குந்திவிடுவார். குளிர்பானத்தை அன்று யார் அழுதார்களோ அந்தப் பிள்ளை குடிக்கும். பிள்ளைகள் முன்னால் எங்களை ஒரு சொல் பேசியதில்லை. போகும்போது கேட்டடியில் நின்று குடையை விரித்துக்கொண்டே ஒரே ஒரு வசனம் சொல்வார். அந்த வசனம் அடுத்த முறை அவர் வரும்வரை என் காதில் கிடந்து குடையும்.

அவரிடமிருந்து நான் வாங்கிய முதல் வசனம் இம்தியாஸால் வந்தது. எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்கிற அந்த இங்கிலீசுச் சொல் வாயில் பட்டு 'சொறி' ஆகிவிட்டது. பிள்ளைகள் அதை வீட்டிலேயே பழகிக்கொண்டு வருவார்கள். இம்தியாஸ் அதில் ஒரு படி மேலே போனவன். கையை ஓங்கும்போதே "சொறி" என்பான். அதற்குப் பிறகுதான் அடி விழும். நான் பேசினால், "சொறி சொல்லிட்டுத்தானே அடிச்சன் டீச்சர்," என்று என்னிடமே நியாயம் கேட்பான். அவன் வாப்பா சட்டத்தரணியல்ல, மீன் வியாபாரி. எங்கிருந்து அந்த வாய் வந்ததோ தெரியாது.

மிஸ் இதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து நெடுநேரம் சிரித்தார். போகும்போது கேட்டடியில் சொன்னார்: "சொறி எண்டா அவனுக்குச் சொறியிற மாதிரித்தான் டீச்சர். சொல்லிட்டா அவன்ட கடி அடங்கிரும். அடி வாங்கின புள்ளைக்கு என்ன அடங்கிச்சு?"

அடுத்த முறை வந்தபோது தன் முறையைச் செய்து காட்டினார். அன்றைக்கு வசதியாக ஒரு சண்டையும் வந்தது. இம்தியாஸ் ஒரு பெண்பிள்ளையைத் தள்ளி விழுத்தினான். மிஸ் முதலில் விழுந்த பிள்ளையிடம் போனார். இம்தியாஸின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்தால் வகுப்பின் கண்ணெல்லாம் அங்கே போய்விடும், அழுகிற பிள்ளை தனியே நின்று அழும் என்பார். அவளை மடியில் வைத்து, முழங்காலைப் பார்த்து, ஊதிவிட்டு, அதன் பிறகுதான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். குரலில் சூடு இல்லை. "இம்தியாஸ், ஒரு கோப்பை தண்ணி கொண்டா மகன். நிறைய வேணும். சிந்தக் கூடாது."

அவன் விளிம்பு முட்ட நிரப்பிய கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அடி அடியாக நடந்து வந்தான். வந்து சேர்ந்தபோது அவன் முகத்தில் சண்டை இல்லை. தண்ணீரைப் பற்றிய கவலை மட்டும்தான் இருந்தது. மிஸ் அவனைப் பக்கத்தில் இருத்தி, நடந்ததை ஒரு வரியில் சொன்னார். "நீ தள்ளினாய், அவ விழுந்தா, முழங்கால் உரஞ்சிட்டு." பிறகு அவனையே துணியை நனைத்து அந்த மண்ணைத் துடைக்கச் சொன்னார். அவன் துடைக்கும்போது அவள் "ஸ்ஸ்" என்றாள். அந்தச் சத்தத்துக்கு அவன் துணியை விட்டுவிட்டுக் குனிந்து ஊதினான். அவன் ஆயுளில் சொன்ன எல்லாச் 'சொறி'யையும் விட அந்த ஊதல் பெரியது.

"கையால செய்தத கையாலதான் ஆத்த வேணும்," என்றார் மிஸ். இன்னொன்றும் சொன்னார். ஏன் தள்ளினாய் என்று கேட்கவே கூடாதாம். "ஏன் எண்டு கேட்டா புள்ளை ஒரு காரணம் தேடும் டீச்சர். நாலு வயசில காரணம் தேடப் பழகினா நாப்பது வயசிலயும் தேடும்." எனக்கு இது கொஞ்சம் இடித்தது. ஆனாலும் பின்பற்றினேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

எப்போதும் சரியாக இருந்ததா என்றால், இல்லை. ஒரு வருடம் பிள்ளைகள் ஆளுக்கொரு தயிர்ச்சட்டியில் பயறு முளைக்கப் போட்டிருந்தார்கள். சவளக்கடை ஊரிலிருந்து வந்த ஒரு பையன் ஓடி விளையாடும்போது ஒரு பிள்ளையின் சட்டியை மிதித்துவிட்டான். அன்று முழுக்க யாருக்கும் தெரியாது. அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான். அடுத்த நாள் காலையில் அவன் வாப்பா வயலுக்குப் போகிற சாரத்தோடேயே அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "நம்மட மாடு ஆர்ட வயலுக்குள்ள பூந்தாலும் நாமதான் முந்திப் போய்ச் சொல்லணும் டீச்சர். அவன் தேடி வந்து கண்டுபிடிச்சா பொறகு நாம கள்ளன்தான்," என்றார். பையன் புதுச் சட்டியில் புதுப் பயறு போட்டான். முளைத்து இலை விடும் வரைக்கும் அவனே தண்ணீர் ஊற்றினான். அதைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையிடம் நீட்டினால், அவள் வாங்கவில்லை. "இது வேற. என்டது செத்திட்டு," என்றாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். அவள் சொன்னது உண்மை. இரண்டு பேரையும் அப்படியே விட்டுவிட்டேன். சட்டி யன்னலில் இருந்தது. அவன்தான் கடைசிவரை தண்ணீர் ஊற்றினான்.

மின்ஹாவின் கதைக்கு வருகிறேன்.

அதற்குச் சற்று முன்னால் நடந்த பெற்றார் கூட்டத்தில் ஒரு வாப்பா எழும்பி, "சொறி வெள்ளக்காரன்ட சொல்லு. நம்மட புள்ளயள் ஏன் மாப்புக் கேக்கப் படாது?" என்றார். எல்லோருக்கும் அது பிடித்தது. எனக்கும் பிடித்தது. மாப்பு என்றால் மன்னிப்பு, எங்கள் வாயில் கனமுள்ள சொல். ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதன் செய்ததை, அந்த மனிதன் மாப்புச் செய்யாமல் இறைவனும் மன்னிப்பதில்லை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சொறி மாதிரி கையை ஓங்கும்போதே வாயில் வந்து விழாது. ஆகவே அன்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, துடைத்து, எல்லாம் செய்து முடித்த பிறகு பிள்ளை "மாப்பு" என்று சொல்ல வேண்டும் என்று வைத்தோம். பிள்ளைகளும் அழகாகச் சொன்னார்கள்.

மின்ஹாவுக்கு அப்போது நாலு வயது. உம்மா கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். வாப்பா இருந்தும் இல்லாத மாதிரி. உம்மாவின் தங்கை, அதாவது பிள்ளையின் சாச்சி, கல்முனை பஸாரில் ஒரு தையல் கடையில் வேலை செய்துகொண்டு அவளை வளர்த்தார். காலையில் பாடசாலையில் விட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார். மின்ஹா அதிகம் கதைக்காத பிள்ளை. விளையாட்டு மூலையில் கிடந்த பழுதான போனோடு மட்டும் கதைப்பாள். அதைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்று உம்மாவோடு கதைத்துக்கொண்டிருப்பாள். நாங்கள் குழப்புவதில்லை.

ஒரு நாள் அந்த மூலையிலிருந்து அலறல் கேட்டது. நான் திரும்பியபோது மின்ஹாவின் பல் ரஷாதின் முழங்கைக்குக் கீழே பதிந்திருந்தது. பிரித்தெடுக்கச் சிரமப்பட்டோம். இரத்தம் கசிந்தது. ரஷாத் துடியாட்டமான பையன், கெட்டவனல்ல. என்ன நடந்ததென்று நான் காணவில்லை. ஏன் என்று கேட்கிற வழக்கமும் எங்களிடம் இல்லை.

மிஸ்ஸின் முறைப்படியே எல்லாம் செய்தேன். மின்ஹா தண்ணீர் கொண்டு வந்தாள். ஒரு துளி சிந்தவில்லை. துணியால் மெல்ல ஒற்றினாள். அவன் அழுதபோது அவளும் அழுதாள். வேறு பிள்ளையென்றால் இது போதும் என்று நினைத்திருப்பேன்.

"இப்ப மாப்புக் கேளுங்க மகள்," என்றேன்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கையை எடுக்கப் போனதும் எழும்பி ஓடி மேசைக்குக் கீழே பூந்துகொண்டாள். அன்று வெளியே வரவேயில்லை. அடுத்த நாள் கேட்டேன், அதே மாதிரி வாயைப் பொத்தினாள். அதற்கடுத்த நாள் என்னைக் கண்டதுமே பொத்தினாள்.

ரஷாதின் உம்மா நஸ்ரின் பொல்லாத மனுஷி அல்ல. முதல் நாள் பொறுமையாகத்தான் இருந்தார். மூன்றாம் நாள் மகனின் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். "நாய் கடிச்ச மாதிரி இரிக்கி டீச்சர். நான் மருந்துச் செலவா கேட்டன்? ஒரு சொல்லுதானே கேக்கன். அத ஒரு நாலு வயசுப் புள்ள சொல்லமாட்டன் எண்டா, அது என்ன வளப்பு?" உம்மா பக்கத்தில் இல்லாத பிள்ளையைப் பற்றி 'வளர்ப்பு' என்ற சொல் ஊரில் விழுந்தால் அது எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். போனது. வேறு உம்மாமாரும் வந்தார்கள். கடைசியில் பாடசாலைக் குழுவினர் கூடி, பிள்ளை மாப்புக் கேட்கும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். வருகிற கிழமையிலிருந்து.

தையல் கடைக்குப் போய்ச் சாச்சியிடம் இதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "இவவ வீட்ட வெச்சிட்டு நான் கடைக்கு வரேலா டீச்சர். கடை இல்லாட்டி ராத்தாவத்தான் வரச் சொல்லணும். அவ இப்ப வந்தா போனதே வீண்," என்றார். ராத்தா என்றது அவருடைய அக்காவை, மின்ஹாவின் உம்மாவை. ஒரு சின்ன வாய் திறக்காததால் ஒரு குடும்பம் கவிழப் பார்த்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கிழமை சகுந்தலா மிஸ் வந்தார். வழக்கம்போலப் பாயில் இருந்தார். மின்ஹா மேசைக்கு அடியில் இருந்தாள். மிஸ் அவளைக் கூப்பிடவில்லை. என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு பிள்ளை பாடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"எனக்கு ஒரு விசயம் சொல்லுங்க டீச்சர். மாப்பு எண்டு நீங்க சொல்றீங்களே, அது உங்கட ஆக்கள் எப்பெப்ப கேப்பீங்க?"

"பிழை செய்தாக் கேப்பம் மிஸ்."

"அது கிதாபில. வீட்டில எப்ப கேப்பீங்க? புள்ளையள் காதில விழுற மாதிரி?"

யோசித்தேன். பிழை செய்தவுடனே வீட்டில் யார் மாப்புக் கேட்கிறோம்? புருசன் பெண்சாதியிடம் கேட்கிறாரா, உம்மா பிள்ளையிடம் கேட்கிறாளா? "ஹஜ்ஜுக்குப் போகக்குள்ள ஊராக்கள்ட்ட கேப்பம்," என்றேன். "பெரிய ஒப்பரேசன் எண்டு கொழும்புக்குப் போகக்குள்ள கேப்பம். மையித்து எடுக்கக்குள்ள, மவுத்தானவருக்காக வீட்டாக்கள் கேப்பாங்க. வெளிநாட்டுக்குப் போகக்குள்ள..."

அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது.

மிஸ் மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் போறதுக்குத்தானே கேக்கிறீங்க."

எங்கள் சொல் அது. பால்குடி நாளிலிருந்து எங்கள் காதில் கிடக்கிற சொல். அதை வெளியில் நின்று பார்க்க ஒரு பாண்டிருப்புக்காரர் வர வேண்டியிருந்தது. அதில் எனக்கு வெட்கம் இல்லை. கண்ணுக்குக் கிட்ட வைத்த எழுத்தை யாராலும் வாசிக்க ஏலாது.

அன்றைக்கே பின்னேரம் அசர் தொழுதுவிட்டு சாச்சியின் வீட்டுக்குப் போனேன். கேட்டேன். அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். மின்ஹாவின் மூத்தாப்பா, உம்மாவின் வாப்பா, நெஞ்சு ஒப்பரேசனுக்குப் போகுமுன் கேட்டடியில் நின்று அக்கம்பக்கத்தார் எல்லோரிடமும் மாப்புக் கேட்டாராம். பேத்தியையும் தூக்கி முத்திக் கேட்டாராம். உயிரில்லாத மையித்தாகத்தான் திரும்பி வந்தார். பிறகு சில மாதத்தில் உம்மாவின் பயணம். வேன் வாசலில் நிற்க, உம்மா முழங்காலில் இருந்து பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உம்மாவுக்கு மாப்புச் செய்ங்க மகள்," என்றாராம். எழும்பினார், வேனில் ஏறினார், போனார்.

மின்ஹா கதவடியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிலத்தில் இருந்தேன்.

"மாப்புக் கேட்டா என்ன நடக்கும் மகள்?"

முதலில் வாயைப் பொத்தினாள். நான் காத்திருந்தேன். அவள் கைக்குள்ளால் சொன்னாள்: "போகணும்."

"எங்க?"

"வேன்ல."

அழக்கூடாத வேலை எங்களுடையது. பிள்ளை அழலாம், உம்மா அழலாம், டீச்சர் அழக்கூடாது. அன்றைக்கு அழுதேன். இந்தப் பிள்ளை பிடிவாதக்காரி இல்லை. ரஷாதைக் கடித்ததற்கு வருந்தாதவளும் இல்லை. சாச்சியை விட்டு, எங்களை விட்டு, இருந்த கொஞ்சத்தையும் விட்டுப் போக அவளுக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான். வளர்ப்புச் சரியில்லாத பிள்ளை என்று ஊர் சொன்ன பிள்ளை, எங்கள் எல்லோரையும் விட்டுப் போகாமல் இருப்பதற்காக வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

நஸ்ரினின் வீட்டுக்கு நேரே போய் இதைச் சொன்னேன். அவருடைய காக்காவும், அதாவது அண்ணனும், மாப்புக் கேட்டுவிட்டு சவூதிக்குப் போனவர்தான். "குழுவாக்கள்ட்ட நான் கதைக்கன்," என்றார். வாசல்வரை கூட வந்து, "ஆனா டீச்சர், என்ட புள்ளைக்கும் ஏதாச்சும் ஒண்டு வேணும்தானே. கடி வாங்கினவன் அவன்," என்றார். அதுவும் நியாயம். நாளைக்கு வந்து ஒரு பக்கத்தில் இருங்கள் என்றேன்.

நஸ்ரின் வந்து வாசல் பக்கமாகக் கிடந்த வாங்கில் உட்கார்ந்தார். நான் மின்ஹாவிடம், "அந்தச் சொல் உங்களுக்கு வேணா. இனி நான் கேக்கமாட்டன். யாரும் வேன்ல போகவும் மாட்டாங்க. ரஷாத்ட கை இன்னும் நோகுது. உங்களுக்கு ஏலுமான ஒண்டச் செய்ங்க," என்றேன். என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. படம் கீறிக் கொடுப்பாள், அல்லது பிஸ்கட்டில் பாதி கொடுப்பாள் என்று நினைத்தேன்.

அவள் விளையாட்டு மூலைக்குப் போனாள். பழுதான போனை எடுத்தாள். நம்பர் அமத்தினாள். காதில் வைத்து, "உம்மா, ஒரு ஆள் கதைக்கப் போறாரு. வெச்சிராதீங்க," என்றாள். பிறகு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர்க் கோப்பையைக் கொண்டு வருகிற அதே நடையில் வந்து, ரஷாதிடம் நீட்டினாள்.

"இந்தா. என்ட உம்மாவோட கதை."

அந்தப் போனை அவள் ஒருநாளும் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. ரஷாத் அதை வாங்கிக் காதில் வைத்தான். அவன் முகம் சுருங்கிக்கொண்டு வந்தது.

"உம்மா," என்றான் போனுக்குள். "அண்டைக்கு கட் பண்ணின நான்தான். பறிச்சிக் கட் பண்ணிட்டன். இனிப் பண்ணமாட்டன்."

அப்போதுதான் எங்களுக்கு நடந்தது தெரிந்தது. அவள் உம்மாவோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது பறித்து அமத்தியிருக்கிறான். அதை அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவனுக்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் இருந்தது, கொண்டுபோய்க் கொடுக்க இடமில்லாமல் இத்தனை நாளும் அவன் அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். நஸ்ரின் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மாப்பைப் பற்றி அவர் மறுகா கதைக்கவில்லை. குழுவும் கதைக்கவில்லை.

சகுந்தலா மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சில நேரம் ஏன் எண்டும் கேக்கத்தான் வேணும் போல," என்றார். தன் முறையில் ஒரு ஓட்டை இருப்பதை இவ்வளவு இலேசாக ஒப்புக்கொண்ட மேலதிகாரியை நான் பிறகு காணவில்லை. அன்றிலிருந்து நாங்கள் 'ஏன்' என்று கேட்காமல், "அதுக்கு முன்னுக்கு என்ன நடந்தது?" என்று கேட்கத் தொடங்கினோம். இரண்டு பிள்ளையிடமும் கேட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை கட்டாரிலிருந்து உம்மா வீடியோ கோல் எடுக்கிற நேரம் சாச்சி என்னை வரச் சொன்னார். ராத்தாவுக்கு நீங்களே சொல்லுங்கள், எனக்குச் சொல்லத் தெரியாது என்றார். நான் சொன்னேன். படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, அவர்தான் அசையாமல் இருந்தார்.

"நான் கேட்டன்தான் டீச்சர்," என்றார் கடைசியில். "அவ ஒண்டும் சொல்லல்ல. வேன் சந்தியில கிறுகும் மட்டும் பாத்துக்கிட்டுப் போனன். அவ மாப்புத் தரல்ல எண்டுதான் இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள்ள கிடக்கு."

மின்ஹா போனைப் பிடுங்கி முகத்துக்குக் கிட்ட வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துக்கு அவள் நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"மகள்," என்றார் உம்மா, "உம்மாவுக்கு..."

"இப்ப கேக்காதீங்க," என்றாள் மின்ஹா. "வந்துட்டுக் கேளுங்க."

நாலு வயதுப் பிள்ளை சொன்னதை நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சாச்சி சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டார். கட்டாரில் ஒரு பெண் தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தார். "ஓம் மகள். ஓம் மகள். வந்து கேக்கன்."

உம்மா தன் ஒப்பந்தக் காலம் முடிந்துதான் வந்தார். மின்ஹா அப்போது பெரிய பாடசாலைக்குப் போய்விட்டாள். வந்த அன்று வீடு நிறைய ஆட்கள், பெட்டி, அத்தர், சொக்கலேட், சிரிப்பு. அந்த மாப்புப் பேச்சு ஒருவருக்கும் நினைவில்லை. உம்மாவுக்கே நினைவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். அடுத்த நாள் காலையில் அவர் மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாராம். பாதிப் பின்னலில் மின்ஹா சட்டென்று திரும்பி உம்மாவின் முகத்தைப் பார்த்தாளாம்.

"கேளுங்க," என்றாளாம்.

"என்ன மகள்?"

"மாப்பு. இப்ப நீங்க போகல்லதானே. கேளுங்க."